பழைய ஜெட் ஸ்கீயில் பெட்ரோல், கார்புரேட்டர் கோளாறு: அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த, கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீகளுக்கானது இது. சீ-டூ, யமஹா, கவாசாகி, போலாரிஸ் என்று எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் மிகுனி அல்லது கெய்ஹின் கம்பெனியின் டயாபிரம் (மெல்லிய சவ்வு) வைத்த கார்புரேட்டர்தான். பைக்கில் இருப்பதுபோல மிதவைக் கிண்ணம் இதில் கிடையாது. கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) அழுத்தத் துடிப்பில் ஓடும் ஒரு சின்ன பம்ப் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். அதனால் டேங்க் முதல் கார்புரேட்டர் வரை உள்ள குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் விட்டால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே போகலாம். காற்று உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஊசித்துளை இருந்தால் ஜூஸுக்குப் பதில் காற்று வருமே, அப்படித்தான். "எங்கேயும் லீக் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லப்படும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் நோய்.

திணறுகிறது என்றதும் பலர் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. டேங்க்கில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதி வண்டிகள் கார்புரேட்டரைத் தொடாமலே சரியாகிவிடும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று சந்தேகம் வந்தால் அந்த வண்டியை முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். பிஸ்டனின் சூட்டைத் தணிப்பதில் உள்ளே வரும் பெட்ரோலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் பிஸ்டனின் தலை உருகும், அல்லது சிலிண்டரில் கடித்துக்கொண்டு இன்ஜின் சீஸ் ஆகும். அடைத்துக்கொண்ட ஒரு சல்லடைக்காக முழு இன்ஜினையே இழப்பது இந்த வண்டிகளில் சாதாரணமாக நடக்கிறது.

கை வைப்பதற்கு முன்

சீட்டைத் திறந்து ஐந்து நிமிடமாவது காற்றோட்டம் விடுங்கள். வண்டியின் வயிற்றுக்குள் பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும். ஒரு பொறி போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிளக் வயர்களை அதற்கான எர்த் முனையில் மாட்டிவிட வேண்டும். அப்படியே தொங்கவிடக் கூடாது.

தண்ணீர் இல்லாமல் இன்ஜினை 15 நொடிக்கு மேல் ஓட்ட வேண்டாம், எக்ஸாஸ்ட் ரப்பர் குழாய்கள் கருகிவிடும். குளிர்விக்கும் தண்ணீருக்கு ஹோஸ் மாட்டி ஓட்டினால் முதலில் இன்ஜின், அப்புறம் தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், அப்புறம் இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

பக்கத்தில் இவை இருக்கட்டும்: கண்ணாடி பாட்டில் ஒன்று, புது பிளக் ஒரு ஜோடி, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கருவி), ஒரு மீட்டர் ஒளி ஊடுருவும் பெட்ரோல் குழாய், 40-க்கு 1 என்ற அளவில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த புதிய பெட்ரோல் ஒரு லிட்டர், உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல்.

கார்புரேட்டர் பக்கம் திரும்பும் முன் கம்ப்ரஷன் எடுத்துவிடுங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, அளவு 120 பிஎஸ்ஐ-க்குக் கீழே விழுந்தாலோ கோளாறு பெட்ரோலில் இல்லை. அந்த இன்ஜினுக்கு எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் ஒழுங்காக ஓடாது.

## அறிகுறி 1: ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை

முதலில் கண்ணுக்கு முன்னால் இருப்பவை. பாதுகாப்புக் கயிறு (இழுத்தால் இன்ஜினை நிறுத்துவது) சரியாக மாட்டியிருக்கிறதா? பெட்ரோல் வால்வு ஆஃபில் இருக்கிறதா? சோக் கேபிளை இழுக்கும்போது கார்புரேட்டரில் உள்ள தட்டு உண்மையிலேயே மூடுகிறதா? கேபிள் துருப்பிடித்து, மேலே கைப்பிடி மட்டும் நகர்வது உண்டு.

அடுத்து பெட்ரோல். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். கீழே தனி அடுக்காகத் தெரிந்தால் அது தண்ணீர், அல்லது தண்ணீரோடு பிரிந்துபோன எத்தனால். நிறம் கறுத்து வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் இரண்டு, மூன்று மாதம் கிடந்தாலே நம்ப முடியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்கள். புதிய பெட்ரோலை மேலே ஊற்றி "சமாளிக்கலாம்" என்று நினைத்தால் அதே தண்ணீர் நாளைக்குக் கார்புரேட்டருக்குள் இருக்கும்.

பெட்ரோல் நன்றாக இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் காய்ந்திருக்கிறது. பெட்ரோல் வரவில்லை. ஆயில் கலந்த பெட்ரோலில் ஒரு தேக்கரண்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நொடி உறுமி நின்றால் பொறி, கம்ப்ரஷன் இரண்டும் சரி; பெட்ரோல் வரத்துதான் குறை. நேராக அறிகுறி 3-க்குப் போய் அங்கே சொல்லியிருக்கும் தனி டேங்க் சோதனையைச் செய்யுங்கள். சாதாரணப் பெட்ரோலை மட்டும் விடாதீர்கள், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

பிளக் நனைந்திருக்கிறது. பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது, எரியவில்லை. புது பிளக் போட்டுப் பொறி வருகிறதா பாருங்கள். திரும்பத் திரும்ப நனைந்தால் அறிகுறி 5.

பிளக்கில் தண்ணீர்த் துளி. இது வேறு விவகாரம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் தெளித்து, அன்றைக்கே ஓடவைக்க வேண்டும். விட்டுவைத்தால் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும்.

## அறிகுறி 2: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது

இந்த அறிகுறி ஏறக்குறைய பொய் சொல்லாது. சோக் காற்றைக் குறைக்கிறது. அப்போது ஓடுகிறது என்றால் மற்ற நேரத்தில் பெட்ரோல் போதவில்லை.

ஐட்லிங்கில் மட்டும் இந்தத் தொல்லை, ரேஸ் கொடுத்தால் தெளிவாக ஓடுகிறது என்றால் அடைப்பு ஸ்லோ ஜெட்டில் (குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் நுண்துளை) இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிக்கு இது வழக்கமான நோய். அந்தப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே திருகினால் சரியாவதுபோலத் தெரியும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எல்லா வேகத்திலும் சோக் தேவைப்பட்டால் குறை வரும் வழியில். அறிகுறி 3.

## அறிகுறி 3: ஐட்லிங் சரி, ரேஸ் கொடுத்தால் திணறுகிறது, அல்லது கொஞ்ச தூரம் ஓடி இழுவை போய்விடுகிறது

அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

திணறும் நேரத்தில் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். ஓட்டம் தேறினால் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அறிகுறி 5-க்குப் போகலாம். இந்தச் சோதனையைத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும். கரையில் ஹோஸ் மாட்டி ரேஸ் கொடுக்கும்போது இன்ஜினுக்குச் சுமையே இல்லை. அங்கே அருமையாக உறுமும் வண்டி தண்ணீரில் இறங்கியதும் படுத்துவிடும்.

பெட்ரோல் குறைவு என்று தெரிந்த பிறகு, செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம்.

டேங்க் மூடி. திணறும்போது நின்று, டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் சில நிமிடம் நன்றாக ஓடினால் டேங்குக்குக் காற்று விடும் குழாயில் அடைப்பு, அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சி கூடு கட்டியிருப்பதும் உண்டு. புது வால்வு போடும்போது அம்புக்குறி டேங்க் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பழைய கோளாறே திரும்ப வரும்.

ரிசர்வ். வால்வை ஆனிலிருந்து ரிசர்வுக்குத் திருப்புங்கள். ரிசர்வில் சரியாக ஓடினால் டேங்குக்குள் ஆன் பக்கக் குழாயின் சல்லடை அடைத்திருக்கிறது அல்லது குழாய் ஒடிந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே தொல்லை என்றால் மேலே போகலாம்.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர். கிண்ணத்தைக் கழற்றிக் காலி செய்து, சல்லடையைக் கழுவி, ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். ஓ-ரிங்கில் மயிரிழை வெடிப்பு போதும், பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதற்காகப் பழையதையே மாட்டாதீர்கள்.

தனி டேங்க் சோதனை. எனக்குத் தெரிந்து இந்த மொத்த வேலையில் மிகப் பயனுள்ள அரை மணி நேரம் இதுதான். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஆயில் கலந்த பெட்ரோல் உள்ள ஒரு சின்ன கேனிலிருந்து நேராகக் குழாய் கொடுங்கள். கேன் கார்புரேட்டரை விட உயரத்தில் இருக்கக் கூடாது. பம்ப் தானாக இழுக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறோம். திரும்பி வரும் குழாயையும் அதே கேனில் விட்டு, கேனை அசையாமல் கட்டிவிடுங்கள். மெதுவாகக் கரையோரம் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது நன்றாக ஓடினால் கார்புரேட்டர் நிரபராதி. டேங்க், வால்வு, ஃபில்டர், குழாய் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. தொல்லை அப்படியே இருந்தால் கார்புரேட்டரும் பம்பும். இந்தப் பிரிவு கிடைத்துவிட்டால் மீதி வேலை குருட்டாம்போக்கில் போகாது.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால்: பெட்ரோல் வால்வுதான் என் முதல் சந்தேகம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து காற்று விடும், அல்லது அழுக்கு சேர்ந்து பாதை சுருங்கும். மாற்றிவிடுவது நல்லது. அடுத்து குழாய்கள். 1990-களின் சீ-டூ வண்டிகளில் வந்த சாம்பல் நிறக் குழாய் உங்கள் வண்டியில் இன்னும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அது உள்ளே கரைந்து பச்சைப் பிசினாகி, ஃபில்டரைத் தாண்டி, கார்புரேட்டருக்குள் இருக்கும் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும். குழாயை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் அந்த வேலையை இன்னொரு முறை செய்ய வேண்டிவரும். பெட்ரோலுக்கென்றே வரும் நல்ல கறுப்பு ரப்பர் குழாய், ஒவ்வொரு முனையிலும் புது கிளிப், அவ்வளவுதான்.

காற்று எங்கே நுழைகிறது என்று பிடிபடாவிட்டால் கார்புரேட்டருக்கு முன்னால் அந்த ஒளி ஊடுருவும் குழாயைச் சோதனைக்கு மட்டும் மாட்டி, ஓடும்போது குமிழி வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு பாகமாக விலக்கிப் பார்க்கும்போது எதை எடுத்ததும் குமிழி நிற்கிறதோ, அதுதான். சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிடுங்கள். நிரந்தரமாக விட்டால் கடினமாகி வெடிக்கும்.

கார்புரேட்டர் பக்கம் என்று தெரிந்தால்: கழற்றும் முன் பம்புக்கு வரும் துடிப்புக் குழாயைப் பாருங்கள். கிராங்க்கேஸிலிருந்து வரும் ஒல்லியான குழாய் அது. வெடித்திருந்தால், மடங்கியிருந்தால், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் பம்ப் பலவீனமாகத்தான் ஓடும். அதுவும் சரி என்றால் கார்புரேட்டர் வெளியே வரட்டும்.

## கார்புரேட்டரைத் திறக்கும்போது

ஸ்லோ ஸ்க்ரூ, ஹை ஸ்க்ரூ இரண்டையும் வெளியே எடுக்கும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதி வையுங்கள். இறுக்கக் கூடாது, முனை நசுங்கிவிடும். இரண்டு கார்புரேட்டர் இருந்தால் பாகங்களைக் கலக்காமல் தனித்தனித் தட்டில் வையுங்கள்.

மிகுனி சூப்பர் பிஎன் வகையில் பம்ப் மூடிக்கு உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். வெளியே இருக்கும் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி இதைத் திறக்காமல் விடுபவர்கள் ஏராளம். ஆனால் அடைப்பு பெரும்பாலும் இங்கேதான். பம்பின் மெல்லிய வால்வு இதழ்கள் சுருண்டோ கிழிந்தோ இருந்தால் பம்ப் இழுக்காது. டயாபிரம் விறைத்துச் சடசடத்தால் அதுவும் மாற்ற வேண்டியது.

ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு இழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர், அழுத்தக் காற்று இரண்டும் போதும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் தாராளமாக வருகிறதா என்று ஒவ்வொரு துளைக்கும் பாருங்கள். ரப்பர் பாகங்களைக் கிளீனரில் ஊறவைக்கக் கூடாது.

பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஊசியையும் அதன் இருக்கையையும் ஜோடியாக மாற்றுங்கள். ஊசியைத் தூக்கும் நெம்புகோலின் உயரம் பக்கத்துத் தளத்தோடு சமமாக இருக்க வேண்டும். உயர்ந்தால் பெட்ரோல் அதிகம், தாழ்ந்தால் குறைவு. பிறகு பெட்ரோல் வரும் முனையில் கைப்பம்பும் கேஜும் மாட்டி 10 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஒரு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். தொடர்ந்து ஏற்றும்போது ஊசி எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பதை மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஊசி பெட்ரோலில் நனைந்திருக்கும்போது எடுத்தால்தான் அளவு ஒழுங்காக வரும். அந்த எண் மாடலுக்கு மாடல் மாறும். இன்னொரு வண்டியின் கணக்கை உங்கள் வண்டிக்குப் போடக் கூடாது. மலிவான கிட்களின் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) டயாபிரம் விறைப்பாக இருந்து இந்த அளவையே கெடுத்துவிடும். இதில் மட்டும் அசல் கம்பெனி கிட்டுக்குச் செலவழியுங்கள்.

திரும்ப மாட்டும்போது இரண்டு கார்புரேட்டரின் தட்டுகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா, இன்ஜினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் ஆயில் பம்பின் கேபிள் குறி நேராக நிற்கிறதா, ஆயில் குழாயில் காற்றுக் குமிழி இல்லையா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் போகாத டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சில நிமிடம்தான் தாங்கும். பாதுகாப்புக்கு முதல் டேங்க் பெட்ரோலிலும் 50-க்கு 1 ஆயில் கலந்துகொள்ளலாம். கொஞ்சம் புகையும், பரவாயில்லை.

ஓட்டிப் பார்த்து, முழு வேகத்திலேயே கயிற்றை இழுத்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் இன்னும் பெட்ரோல் போதவில்லை, அப்படியே ஓட்டாதீர்கள்.

## அறிகுறி 4: இரவு நிறுத்திவைத்தால் காலையில் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் பிடிக்கிறது

ஸ்டார்ட் ஆன பிறகு எந்தக் குறையும் இல்லை என்றால் குழாயில் நின்ற பெட்ரோல் இரவில் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. எங்கோ காற்று நுழைகிறது: பெட்ரோல் வால்வு, ஃபில்டரின் ஓ-ரிங், தளர்ந்த கிளிப். இன்று ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்ற அளவில் இருப்பது நாளை முழு வேகத்தில் பெட்ரோல் குறைவாக மாறும். அதனால் இப்போதே பாருங்கள்.

## அறிகுறி 5: புகை, பெட்ரோல் வாடை, பிளக் அடிக்கடி நனைகிறது

சோக் முழுக்கத் திறக்கவில்லை என்பது எளிய காரணம். காற்று வரும் வாயிலில் உள்ள தீத்தடுப்புச் சல்லடையில் ஆயிலும் அழுக்கும் படிந்திருப்பது அடுத்தது. கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

இரண்டும் சரி என்றால் ஊசியும் இருக்கையும். காற்று வாயைத் திறந்து வைத்து, இன்ஜின் நின்றிருக்கும்போது டார்ச் அடித்துக் கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். பெட்ரோல் சொட்டினால் ஊசி மூடவில்லை. டேங்க்குக்குத் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலும் அழுத்தம் கூடி இதே அறிகுறி வரும்.

ஒரு எச்சரிக்கை: ஊசி ஒழுகி, வண்டி நின்ற நிலையில் கிராங்க்கேஸ் பெட்ரோலால் நிரம்பியிருந்தால் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். திரவம் நசுங்காது, இணைப்புத் தண்டு வளையும். பிளக்கைக் கழற்றிச் சுற்றி முதலில் வெளியேற்றுங்கள்.

## அறிகுறி 6: ஆக்சிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்கவில்லை

கேபிள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கார்புரேட்டருக்குப் பின்னால் காற்று நுழைகிறது: அடிக் கேஸ்கெட், ரீட் அல்லது ரோட்டரி வால்வு மூடி, கிராங்க் சீல். கயிற்றை இழுத்தும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் சோக்கை முழுக்க இழுங்கள், பெட்ரோலில் மூழ்கி நின்றுவிடும். அடிக் கேஸ்கெட்டை நீங்களே மாற்றலாம். அதற்கும் அடங்காவிட்டால் வண்டியைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

## அறிகுறி 7: இன்ஜின் ஏறுகிறது, வண்டி போகவில்லை

இது கார்புரேட்டர் அல்ல. இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி), அதைச் சுற்றியுள்ள தேய்மான வளையம், அல்லது உள்ளே சிக்கிய கயிறு, பாசி. அதேபோல எச்சரிக்கை ஒலியோடு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏற மறுத்தால் சூடு அதிகமாகி இன்ஜின் தன்னைத்தானே கட்டுப்படுத்துகிறது. குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதையைப் பாருங்கள்.

## மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய கட்டம்

கம்ப்ரஷன் குறைவு, கிராங்க்கேஸ் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்ற சந்தேகம், ஒரு முறை சீஸ் ஆன இன்ஜின், டேங்கிலேயே விரிசல் விழுந்து வண்டிக்குள் பெட்ரோல் வாடை: இந்த நான்கும் வீட்டு வேலை இல்லை. கார்புரேட்டரை ஒழுங்காகச் செய்த பிறகும் ஒரே சிலிண்டரின் பிளக் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தாலும் அப்படித்தான். அந்தப் பக்கத்து கிராங்க் சீல் காற்று விடுகிறதா என்று அழுத்தம் ஏற்றித்தான் பார்க்க முடியும். சீல் போயிருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். கொண்டுபோகும்போது இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு, ஸ்க்ரூக்களின் பழைய சுற்றுக் கணக்கு, தனி டேங்க் சோதனையில் என்ன நடந்தது, கழற்றிய பிளக்குகள் எந்தச் சிலிண்டருடையவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.